பழைய ஒஸ்ரின், மொறிஸ் ஸ்ராட் வராவிட்டால்: தீப்பொறி எங்கே நிற்கிறது என்று பிடிக்கும் வழி

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்படி ஒரு கார் வந்தால் வழமையாக நடப்பது தெரிந்ததுதான். முதலில் நாலு பிளக்கும் மாறும், பிறகு கொண்டென்சர் (டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன மின்தேக்கி), பிறகு கொயில் (12 வோல்ற்றைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ற்றாக்கும் சுருள்). காசு போகும், பழுது அப்படியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே லூக்காஸ் முறைதான். ஒரு சின்ன 12 வோல்ற் பல்ப், இரண்டு துண்டு வயர், ஒரு மல்ரிமீற்றர், ஒரு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டபிறகு பாட்ஸ் வாங்கப் போங்கள்.

தொடங்குமுன் பற்றரியைப் பாருங்கள். இந்தக் கார்கள் கம்பனியிலிருந்து வந்தபோது பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருந்தது (இதைத்தான் ஏர்த் என்பது). பின்னாளில் ஒல்ரனேற்றர் போட்டவர்கள் பலர் அதை மாற்றிவிட்டார்கள். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் எந்த வயரையும் கழற்ற வேண்டாம். ஓய்வில் 12.6 வோல்ற் அளவு இருக்கவேண்டும். ஸ்ராட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழே இறங்கினால் கொயிலுக்குப் போதிய வலு கிடைக்காது, மற்றச் சோதனைகள் எல்லாம் குழப்பும். பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது. எங்கள் மண் சுண்ணாம்புக்கல், அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். வடித்த நீர் மட்டும்தான்.

எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள ஏர்த் பட்டியையும் பாருங்கள். எஞ்சின் இறக்கி ஏற்றிய கார்களில் அது திரும்பப் பூட்டப்படாமலே இருப்பதுண்டு. ஸ்ராட்டர் இழுத்தவுடன் சொக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம். பட்டி இல்லாததால் ஸ்ராட்டரின் கரண்ட் முழுவதும் அந்தக் கேபிள் வழியாகப் போகிறது.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே பிடியுங்கள். பலதரம் சுற்றியும் நுனி காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை, இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. ஈரமாக இருந்து பெற்றோல் மணந்தால் தீப்பொறிப் பக்கம்தான். ஈரமாக இருந்தும் மண்ணெண்ணெய் மணந்தால் அது வேறு கதை: வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பெற்றோல் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க்கறை விடும். யுத்தகாலத்து எரிபொருள் தடையின்போது சூடான எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் ஸ்ராட் பண்ண அப்போதும் சொட்டுப் பெற்றோல் தேவைப்பட்டது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது.

கொயிலில் பல்ப் சோதனை

கொயிலில் இரண்டு சின்ன முனைகள் உண்டு. பழைய லூக்காஸ் கொயிலில் எஸ்டபிள்யூ என்று அடித்திருப்பது சுவிச் பக்கம், சீபீ என்று அடித்திருப்பது பொயின்ற் பக்கம். டிஸ்ரிபியூட்டர் என்பது பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்; பொயின்ற் என்பது அதற்குள் திறந்து மூடிக் கொயிலின் கரண்டை வெட்டும் தொடுமுனைகள். சுவிச்சிலிருந்து வருவது வெள்ளை வயர், டிஸ்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. ஆனால் கையில் கிடைத்த வயரைப் போட்டு யுத்தகாலம் கடந்த கார்கள் இவை. நிறத்தை நம்பாமல் வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து தடித்த வயரை இழுத்து, அதன் உலோக நுனி எஞ்சினில் தொடும்படி வையுங்கள். எஞ்சின் தற்செயலாகப் பிடிக்காமலிருக்க இது அவசியம். சீபீ முனைக்கும் நல்ல ஏர்த்துக்கும் இடையில் பல்பைத் தொடுத்து, சுவிச்சைப் போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஹாண்டில் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல்தான் முறியும். ஹாண்டில் இல்லையென்றால் நாலாம் கியரில் போட்டுக் காரைத் தள்ளலாம்.

பொயின்ற் திறக்கும்போது பல்ப் எரியவேண்டும், மூடும்போது அணையவேண்டும். இப்படி மாறி மாறி வந்தால் பொயின்ற் வேலை செய்கிறது, நேரே தடித்த வயர்ப் பக்கம் போகலாம்.

எரியவே இல்லையென்றால் சீபீ முனையிலிருந்து டிஸ்ரிபியூட்டர் வயரைக் கழற்றுங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கோ ஏர்த் அடிக்கிறது. இப்போதும் எரியாவிட்டால் எஸ்டபிள்யூ முனையில் பாருங்கள். அங்கே எரிந்து சீபீயில் எரியாவிட்டால் கொயிலின் உள்கம்பி அறுந்துவிட்டது. அங்கேயும் இல்லையென்றால் சுவிச் அல்லது வெள்ளை வயர். டாஷ்போர்டில் சிவப்பு லைற்றும் வராமலிருந்தால் சுவிச்சை முதலில் பாருங்கள்.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பொயின்ற் ஒன்றையொன்று தொடவில்லை, அல்லது தொட்டும் கரண்ட் போகவில்லை.

டிஸ்ரிபியூட்டருக்குள்

பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான். மாரி முழுக்க ஷெட்டில் நின்ற கார், பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கக் கடற்காற்றில் நின்ற கார் என்றால் பொயின்ற் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படை பிடித்திருக்கும். நைஸ் எமரித் தாளால் இரண்டு முகத்தையும் உரசி, பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து, கடைசியாக ஒரு சுத்தமான தடித்த கடதாசித் துண்டை இடையில் வைத்து இழுங்கள். எமரித் தூள் ஒட்டியிருந்தால் நீங்கள் செய்த வேலை வீண்.

இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இது டீஎம்2, 25டீ4 வகை டிஸ்ரிபியூட்டர்களுக்கு. ஏ40 டெவன், சமர்செற் காலத்துப் பழைய டிஸ்ரிபியூட்டருக்கு 0.012 அங்குலம். பொயின்ற்றின் குதிக்கால் காமின் (நடுத்தண்டில் மேடுகளோடு சுற்றும் பகுதி) மேட்டில் ஏறி நிற்கும்போதுதான் அளக்கவேண்டும். காமில் துளி கிறீஸ் பூசாவிட்டால் குதிக்கால் தேய்ந்து இடைவெளி சுருங்கும், அதோடு ரைமிங்கும் பிந்தும்.

பல்ப் எரியவே இல்லை, வயரைக் கழற்றினால் எரிகிறது என்றால் பொயின்ற் பூட்டிய முறையைப் பாருங்கள். பொயின்ற்றின் ஸ்பிரிங், கொண்டென்சர் வயரின் கண், கொயிலிலிருந்து வரும் வயரின் கண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொட்டிருக்கவேண்டும், ஆனால் நடுவில் நிற்கும் இரும்புத் தண்டைத் தொடக்கூடாது. பிளாஸ்ரிக் புஷ் அவற்றுக்குள் நுழைந்து தண்டை மறைக்கவேண்டும். கண்ணை புஷ்சுக்கு வெளியே, நேரே நட்டுக்குக் கீழே வைத்தால் எல்லாம் ஏர்த். புதுப் பொயின்ற் போட்ட அன்றே கார் நின்றால் வேறெங்கும் தேடாதீர்கள்.

பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டின் மேல் இரண்டு மெல்லிய வயர்கள் உண்டு. ஒன்று உள்ளே வரும் கொயில் வயர், மற்றது தட்டைப் பொடியோடு இணைக்கும் பின்னல் ஏர்த். வக்கியூம் இழுக்க இழுக்கத் தட்டு அசைவதால் இவை உள்ளே அறுந்து, வெளி உறை மட்டும் நல்லதாக இருக்கும். இழுக்கும்போது ரப்பர் போல் நீண்டால் அறுந்தது. சாதாரண வயர் போட்டால் அதுவும் சீக்கிரம் அறும். பல நூல்கள் கொண்ட மென்வயர்தான் வேண்டும்.

கொண்டென்சர் போனால் பொயின்ற்றில் பெரிய நீலப் பொறி பறக்கும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்த பொறி வரும். அதன் அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோபரட். வழியில் நின்றுவிட்டால் பொயின்ற் உள்ள வேறெந்த 12 வோல்ற் காரின் கொண்டென்சரையும் கொயில் கிளிப்பில் இறுக்கி, அதன் வயரை டிஸ்ரிபியூட்டர் வயரோடு சேர்த்துப் பூட்டலாம். பழையதை மட்டும் கழற்றிவிடுங்கள். வீடு வரை அல்ல, வருடக்கணக்கில் ஓடும்.

தடித்த வயர்ப் பக்கம்

மூடியின் நடு வயரை இன்சுலேஷன் குறட்டால் பிடித்து, சுத்தமான எஞ்சின் உலோகத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி வையுங்கள். காபரேற்றர் பக்கம் வேண்டாம். மூடியைத் திறந்து, சுவிச் போட்டு, மூடியிருக்கும் பொயின்ற்றை விரலால் திறந்து விடுங்கள். ஒவ்வொரு தரமும் சத்தத்தோடு நீலப் பொறி பாயவேண்டும். பாய்ந்தால் கொயிலும் கொண்டென்சரும் நல்லவை, பழுது மூடியிலோ, அதற்குள் சுற்றிப் பொறியைப் பிளக் வயர்களுக்குக் கொடுக்கும் றோட்டரிலோ.

றோட்டரைச் சோதிப்பது இலகு, ஆனால் பலர் செய்வதில்லை. அதை இருந்த இடத்தில் விட்டு, நடு வயரை அதன் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, பொயின்ற்றைத் திறவுங்கள். தகட்டுக்குப் பொறி பாய்ந்தால் றோட்டர் உள்ளே வெடித்துத் தண்டுக்கு ஏர்த் ஆகிறது. இப்போது கடைகளில் வரும் மலிவு றோட்டர்களில், தகட்டைப் பிடிக்கும் ஆணி தண்டுக்கு மிக அருகில் இருப்பதால், புதிதிலேயே இந்தப் பழுது வரும். பழைய லூக்காஸ் றோட்டர் நன்றாக இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள்.

மூடியின் உள்ளே கறுத்த மயிர்க்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். நடுவிலுள்ள காபன் குச்சி ஸ்பிரிங்கோடு உள்ளே வெளியே போகிறதா பாருங்கள். பழைய மூடிகளில் வயரை உள்ளிருந்து கூர்த் திருகாணி குத்திப் பிடிக்கும். அதற்குச் செம்புக்கம்பி வயர்தான் பொருந்தும். காபன் நூல் வயரை அந்தக் கூர் சரியாகப் பிடிக்காது.

வயர்களைக் கழற்றியவர் மாற்றிப் பூட்டியிருந்தால்: ஒழுங்கு 1-3-4-2, றோட்டர் இடப்பக்கமாகச் சுற்றும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

புதுக் கொயில் வாங்கினால்

இந்தக் கார்களுக்கு 3 ஓம் கொயில். பலாஸ்ற் கொயில் என்று வரும் 1.5 ஓம் வகையைப் போட்டால் கார் ஓடும், ஆனால் கொயில் கொதிக்கும், பொயின்ற் எரியும். புதியதில் பிளஸ், மைனஸ் என்றுதான் அடித்திருக்கும். பொசிற்றிவ் ஏர்த் காரில் பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்கு, மைனஸ் சுவிச்சுக்கு. மாற்றிப் பூட்டினாலும் ஓடும், ஆனால் பொறி மெலியும். மாரிக் காலைகளில் அது தெரியும்.

சூட்டில் நின்று, அரை மணி ஆறியதும் தானாக ஸ்ராட் வருகிற கார் என்றால், நின்ற அந்த நிமிடமே 6 மி.மீ. சோதனையைச் செய்யுங்கள். பொறி இல்லையென்றால் கொயில் அல்லது கொண்டென்சர். பொறி நன்றாக இருந்தால் பெற்றோல் குழாய்க்குள் ஆவி அடைத்திருக்கிறது. ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும்.