குட்டை வீல்பேஸா, நீள வீல்பேஸா? கரடுமுரடான பாதைக்கு வண்டியை ஒப்பிடும் முறை

முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரையுள்ள தூரமே வீல்பேஸ். வண்டியின் மொத்த நீளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுஸுகி ஜிம்னியின் மூன்று கதவு வண்டியில் இது 2,250 மி.மீ., ஐந்து கதவு வண்டியில் 2,590 மி.மீ. இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிகள் என்பதால், இடையிலுள்ள 34 செ.மீ. என்ன செய்கிறது என்று பார்க்க இவை நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் வண்டியின் வயிற்றைப் பாருங்கள். கூரான மேட்டை முன்சக்கரங்கள் கடந்து, பின்சக்கரங்கள் இன்னும் ஏறாத நிலையில், வண்டியின் நடுப்பகுதி மேட்டில் அமர்ந்துவிடலாம். அதன்பின் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பாரம் இழந்த சக்கரங்கள் சும்மா சுழலுமே தவிர வண்டி நகராது. இதைத் தட்டாமல் கடக்கும் திறனைச் சொல்வது பிரேக்ஓவர் கோணம். மூன்று கதவு ஜிம்னிக்கு 28 டிகிரி, ஐந்து கதவுக்கு 24 டிகிரி. உங்கள் வண்டியில் இதை அளக்க ஒரு கயிறே போதும். சமதரையில் நிறுத்தி, முன்டயரின் உட்புற வளைவை ஒட்டித் தரையிலிருந்து கயிற்றை எடுத்து, நடுவயிற்றின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தொட்டு, பின்டயர் வரை இழுங்கள். இரு பக்கமும் கயிறு தரையோடு உண்டாக்கும் கோணங்களின் கூட்டுத்தொகையே விடை. பயணத்துக்குரிய ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் ஸ்பிரிங் அமுங்கினால் கோணமும் குறையும்.

அடுத்தது திருப்பம். பின்சக்கரங்கள் எப்போதும் முன்சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டுதான் வரும். முன் ஆக்ஸிலின் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் அச்சின்) நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 2.3 மீட்டர் வீல்பேஸுள்ள வண்டியின் பின்பக்கம் சுமார் 46 செ.மீ. உள்ளே வரும், 3 மீட்டர் என்றால் 80 செ.மீ. மரங்களுக்கிடையே செல்லும் பாதையில், முன்புறம் தப்பிய பிறகு பின்கதவு அடிமரத்தில் உரசுவது இதனால்தான். நீள வண்டியை ஓட்டுபவர் திருப்பத்தில் சற்றுத் தாமதித்தே ஸ்டீயரிங்கை ஒடிக்கப் பழக வேண்டும்.

இதுவரை குட்டை வண்டியின் கைதான் ஓங்கியிருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் கணக்கு மாறுகிறது. ஏறும்போது பாரம் முன்னிருந்து பின்னுக்குச் சாயும். ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் வண்டி 30 டிகிரி சரிவில் ஏறினால், வீல்பேஸ் 2.3 மீட்டராயின் மொத்த எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடும், 3 மீட்டராயின் 12 விழுக்காடும் பின்னுக்குப் போகும். முன்சக்கரங்கள் இலேசானால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. 50 செ.மீ. உயரப் பாறைப்படியில் முன்சக்கரங்கள் ஏறி நிற்கும்போதும், குட்டை வண்டி சுமார் 12.5 டிகிரி நிமிரும், நீள வண்டியோ 9.5 டிகிரிதான். இந்த நிதானத்தை முன்னிட்டே, ஏற்றங்களுக்குப் புதியவர்களுக்கு நீள வண்டியைப் பரிந்துரைப்பேன். ஈர மண்ணில் பின்பக்கம் வழுக்கும்போதும் குட்டை வண்டி சட்டெனச் சுழன்றுவிடும். நீளமானது திருத்திக்கொள்ளச் சற்று அவகாசம் தரும்.

பக்கவாட்டுச் சரிவில் கவிழ்வதற்கு வீல்பேஸைக் குறை சொல்வோர் உண்டு. அங்கே பெரிதும் பொருட்படுவது இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும் ஈர்ப்பு மையத்தின் உயரமுமே. கூரைமேல் கட்டிய சுமை எந்த வண்டியையும் கெடுக்கும்.

நீள வண்டியின் வயிற்றுக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். விட்டம் 50 மி.மீ. கூடிய டயர் போட்டால் தரையிடைவெளி 25 மி.மீ. உயரும், கதவுகளுக்குக் கீழே உறுதியான இரும்புக் காப்புக்குழாய் பொருத்தினால், தட்டினாலும் உடற்பகுதி நசுங்காது. திருப்ப வட்டத்தை மட்டும் இப்படிச் சுருக்க முடியாது. ஆகவே உங்கள் பாதையில் நெருக்கமான வளைவுகளே மிகுதி என்றால் குட்டையையும், நெடும்பயணமும் சாமான்களும் ஏற்றங்களும் மிகுதி என்றால் நீளத்தையும் எடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், விலை பேசுமுன் டார்ச்சுடன் அடியில் படுத்துப் பாருங்கள். இரு ஆக்ஸில்களுக்கும் நடுவே, ஷாசிச் சட்டத்திலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (என்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டியின்) காப்புத் தகட்டிலும் கீறல்கள் குவிந்திருந்தால், அந்த வண்டி மேடுகளில் பலமுறை வயிறு தட்டி நின்றிருக்கிறது. பம்பரின் கீழ்விளிம்பில் மட்டும் கீறல் இருந்தால் அதற்குக் காரணம் வீல்பேஸ் அன்று, சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்பகுதியோ பின்பகுதியோதான்.