‘கர்னல் டூ ஓல்ட்’ என்று வந்தால்: பழைய லினக்ஸ் பெட்டிக்கு ஒரு செய்முறை

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டர் பெட்டியில் இன்னும் சென்ட்ஓஎஸ் 6 என்கிற பழைய லினக்ஸ் ஓடுகிறது. புது மென்பொருளை இறக்கி ஓட்டினால் இரண்டில் ஒரு பிழை வரும். ஒன்று, ‘ஃபேட்டல்: கர்னல் டூ ஓல்ட்’, அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ரொம்பப் பழசு. இன்னொன்று, ‘ஜிலிப்சி 2.28 நாட் ஃபவுண்ட்’ என்கிற மாதிரி. இரண்டும் ஒன்றல்ல, மருந்தும் வேறு.

மென்பொருள் பெரும்பாலும் கர்னலிடம் நேராகப் பேசாது. பத்திர ஆபீஸில் எழுத்தர் மனு எழுதித் தருவது போல, நடுவில் ஜிலிப்சி (glibc) என்கிற லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு இருக்கிறது. எழுத்தர் புது படிவத்தில் எழுதி, ஆபீஸுக்கு அந்தப் படிவமே தெரியாவிட்டால் முதல் பிழை. எழுத்தருக்கே புது படிவம் தெரியாவிட்டால் இரண்டாவது.

முதலில் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ‘யூநேம் -ஆர்’ (uname -r) கொடுங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). சென்ட்ஓஎஸ் 6 என்றால் 2.6.32 என்று தொடங்கும். இது கர்னல். அடுத்து ‘எல்டிடி --வெர்ஷன்’ (ldd --version). 2.12 என்று வரும். இது ஜிலிப்சி.

அப்புறம் ‘ஃபைல்’ (file) என்று தட்டி, பக்கத்தில் மென்பொருளின் பெயர். பதிலில் ‘ஸ்டாட்டிக்கலி லிங்க்டு’ என்று இருந்தால் லைப்ரரியைத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதே வரியில் ‘ஃபார் க்னூ/லினக்ஸ் 3.2.0’ என்று இருந்தால் அதற்குக் கீழான கர்னலில் அது ஓடாது. ஜிலிப்சி 2.26 முதல் குறைந்தபட்சக் கர்னல் 3.2 என்று ஆகிவிட்டது, அதனால்தான்.

இப்போது தீர்வு. ஜிலிப்சிதான் பழசு என்றால், சிலர் ஜிலிப்சியின் முக்கியக் கோப்பான லிப்சியை (libc) வேறிடத்திலிருந்து புதிதாக எடுத்து பழசின் மேல் வைத்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ‘எல்எஸ்’, ‘சிபி’ உட்பட கிட்டத்தட்ட எல்லாக் கட்டளைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஒரே நொடியில் எல்லாம் செத்துவிடும், லைவ் யுஎஸ்பி (தானே லினக்ஸாகத் தொடங்கும் பென் டிரைவ்) போட்டுத்தான் மீட்க வேண்டும். மூலநிரல் கையில் இருந்தால் அந்தப் பழைய பெட்டியிலேயே கம்பைல் செய்யுங்கள், அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுங்கள். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதிலும் பொதுவாக ஓடும். தலைகீழாக ஓடாது.

கர்னல்தான் பழசு என்றால் சிரூட், கன்டெய்னர் (வேறொரு லினக்ஸின் கோப்புகளைத் தனியாக வைத்து ஓட்டும் வழிகள்) எதுவும் உதவாது. அவை கடைப் பெட்டியின் அதே கர்னலில்தான் ஓடுகின்றன. உபுண்டு 18.04 சிரூட்டை சென்ட்ஓஎஸ் 6-இல் திறந்தால் அதே ‘டூ ஓல்ட்’தான் வரும். மெய்நிகர் இயந்திரம் (பெட்டிக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடுவது) மட்டும் உதவும், அது தன் கர்னலைக் கொண்டுவரும். பெட்டியில் ராம் போதுமா என்று மட்டும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பர் 30-லேயே ஆதரவு முடிந்துவிட்டது, அதோடு மல்லுக்கட்டுவது வீண். டேட்டாவை வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு பெட்டியில் திறந்து சரிபார்த்துவிட்டு, புது லினக்ஸ் போடுங்கள். பழைய பில் மென்பொருள் அதில் ஓடுமா என்ற பயமா? பழைய மென்பொருளைப் புதுக் கர்னல் உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். கர்னல் பக்கம் சிக்கல் வருவது அரிது. காணாமல் போன பழைய லைப்ரரிகளைத் தேடிப் போடுவதுதான் பெரும்பாலும் மிச்ச வேலை. எவை இல்லை என்று ‘எல்டிடி’யே சொல்லிவிடும்.