கார் கதவில் ஆழமான கீறலா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து மண் சாலைகளில் எதிரே டிராக்டர் வந்தால் காரை ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிய நேரத்தில் சீமைக்கருவேல முள் கதவை ஒரு இழு இழுத்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. மனசு பதறி, கையில் கிடைத்த துணியால் உடனே தேய்க்கத் தோன்றும். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. வண்டி மேல் படிந்திருப்பது செம்மண் தூசி. காய்ந்த துணியால் தேய்த்தால் அந்தத் தூசியே உப்புத்தாளாகி, கீறலைச் சுற்றி இன்னும் நூறு மெல்லிய கோடுகளைப் போட்டுவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவிட்டு, அப்புறம் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பதோடு நகத்தாலும் பாருங்கள். கீறலுக்குக் குறுக்கே மெதுவாக நகத்தை ஓட்டும்போது தட்டி நிற்கிறதா? நின்றால் கீறல் ஆழம். அடுத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டின் மேல் தடவுங்கள். ஈரம் பட்டதும் கோடு மறைந்தால் காயம் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, பாலிஷில் தீர்ந்துவிடும். நனைந்த பிறகும் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் கலருக்கு அடியில் இருக்கும் பிரைமர் வரை இறங்கியிருக்கிறது. பளபளவென்று தகரம் தெரிந்தால் துரு எந்த நாளும் தொடங்கலாம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை எடுத்துத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். பற்பசை போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் பெயிண்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடி கனம். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். காம்பவுண்ட் பள்ளத்தை நிரப்பாது, பக்கத்து மேட்டைத்தான் தேய்த்து இறக்கும். ஆழமான கீறல் மறையும் வரை தேய்த்தால் சுற்றியிருக்கும் கிளியர் கோட் போய்விடும். பிறகு நம்ம ஊர் வெயிலில் அந்த இடம் வெளுத்து, பொருக்கு விட ஆரம்பிக்கும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு ஒன்று, அதன் மேல் இன்னும் சன்னமாக ஒன்று, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகு என்று அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறார்கள். கீழ் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. கார் பெயிண்டுக்கும் இதே கணக்குதான்: துரு நீக்கம், பிரைமர், கலர், கிளியர். இதில் எந்த ஒன்றைத் தாண்டினாலும் மேலே அடித்தது நிற்காது.

துரு மேல் அப்படியே கலரை வைப்பது அடுத்த தவறு. பழுப்பு நிறம் கொஞ்சம் தெரிந்தாலும் 320 அல்லது 400 நம்பர் தாளால் தகரம் வெளுக்கும் வரை தேய்க்க வேண்டும். தேய்த்த தகரத்தை நாள்கணக்கில் திறந்து போடாமல் அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விஷயத்தில்தான் எனக்கு அதிக வருத்தம். என் அண்ணன் காரின் பின்கதவுக் கீறலை ஒரு பட்டறையில் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, அன்று சாயங்காலமே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். புது வண்டி மாதிரி இருந்தது. ஐப்பசி மழை முடிந்ததும் அதே இடத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். வேறொரு பெயிண்டரிடம் கொண்டுபோனோம். அவர் கத்தி முனையால் ஒரு கொப்புளத்தைக் கிள்ளி, அடியில் கசிந்த துருநீரை விரலில் தொட்டுக் காட்டினார். “பட்டி தண்ணி குடிச்சிருக்கு தம்பி. இதுக்கு மேல எதை அடிச்சாலும் நிக்காது.” காரணம் எளிது. இறுகுவதற்காக ஹார்டனர் கலந்து போடும் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதைக் காய்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும். பிரைமர் ஏறிய பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். ஹார்டனரும் அளவோடு போதும். பொதுவாக 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவு. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் போட்டால் ஊசித்துளைகள் விழும், மேல் கலரிலும் கறை ஏறிவரும். வேலையைக் கொடுக்கும்போதே “பட்டியை டிரையாகத்தானே தேய்ப்பீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பெயிண்டுக்கு முன்னால் மண்ணெண்ணெய் அல்லது டீசல் துணியால் துடைப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். பழைய பாலிஷின் சிலிகான் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். மெழுகும் எண்ணெயும் நீக்குவதற்கென்றே பெயிண்ட் கடையில் கிளீனர் கிடைக்கிறது.

கலரை “வெள்ளை”, “சில்வர்” என்று சொல்லி வாங்காதீர்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயிண்ட் குறியீடு இருக்கும். எங்கே என்று வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பாருங்கள். வெயிலில் வெளுத்த பழைய வண்டிக்குக் குறியீடு சரியாக இருந்தாலும் நிறம் தள்ளிப்போகலாம். ஒரு அட்டையில் அடித்து, கிளியரும் அடித்து, காய்ந்த பின் பகல் வெளிச்சத்தில் கதவோடு வைத்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறங்களைப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் சுடும் தகரத்தின் மேல் ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். மழை ஈரத்தில் அடித்தால் லேக்கர் வகை பெயிண்ட் பால் போல் மங்கும். நிழலான, தூசி இல்லாத இடத்தில், மெல்லிசாகப் பல கோட், இடையிடையே சில நிமிடம் விட்டு அடிப்பதே சரி. ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். ஹார்டனர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஆஸ்துமா வரவைக்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. அந்த வேலையை முறையான சுவாசக் கவசம் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

சின்னக் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் 20 முதல் 50 சதவீத போனஸ் தள்ளுபடி போய்விடும்.

பட்டறைக்குப் போகப் பத்து நாள் ஆகும் என்றால் கீறலை அப்படியே விட வேண்டாம். கழுவி, நன்றாகக் காயவைத்து, தகரம் தெரியும் இடத்தில் மட்டும் பல்குச்சி முனையால், சின்ன பாட்டிலில் கிடைக்கும் டச்-அப் பெயிண்டைத் தொட்டு வையுங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன், கீறலுக்கு வெளியே அப்பிவிடும். பெயிண்டர் பிறகு அதைத் தேய்த்து எடுத்துக்கொள்வார். அதுவரை மழைத் தண்ணீர் தகரத்தைத் தொடாது.