1923-ஆம் ஆண்டின் 200 மார்க் நாணயத்தை ஆராயும் முறை

ஜெர்மனியின் 1923-ஆம் ஆண்டு 200 மார்க் நாணயம் கிடைத்தால், அதிலுள்ள எழுத்துகளைப் படிக்கும் முன் உள்ளங்கையில் வைத்து எடையை உணர்ந்து பாருங்கள். 23 மில்லிமீட்டர் விட்டம் இருந்தும் அது 1 கிராம்தான். அலுமினியம் என்பதால் காந்தத்தில் ஒட்டாது. முதல் உலகப் போருக்கு முந்தைய 1 மார்க், ஐந்தரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளிக் காசு. இரண்டையும் அருகருகே வைத்தாலே மார்க் மதிப்பிழந்த கதை பாதி விளங்கிவிடும்.

அடுத்து உருப்பெருக்கியை எடுங்கள். கழுகுச் சின்னத்தையும், ஒற்றுமை, நீதி, சுதந்திரம் என்று பொருள்படும் வாசகத்தையும் தவிர, நாணயச்சாலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்தும் இருக்கும்: ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜே ஹாம்பர்க்.

பிறகு ஆண்டுக்கு வாருங்கள். என் கருத்தில் இந்த நாணயத்தில் கூர்ந்து பார்க்க வேண்டியது அதுதான். கடன் வாங்கிப் போர் நடத்தி, தோற்றபின் இழப்பீட்டுச் சுமையையும் ஏற்ற ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நுழைந்தபோது, ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு அரசு நோட்டடித்தே கூலி கொடுத்தது. அம்மாதம் 200 மார்க்கின் மதிப்பு ஏறத்தாழ ஓர் அமெரிக்க சென்ட். நவம்பரிலோ ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அச்சு வெட்டி, உலோகத் தகட்டில் அடித்து, மூட்டை கட்டி அனுப்புவதற்குள் காசின் மதிப்பு கரைந்துவிடும். நோட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை: 1922 டிசம்பர் தேதியிட்ட 1,000 மார்க் நோட்டின் மீதே சிவப்பு மையில் 100 கோடி மார்க் என்று மேலச்சிட்டு வெளியிட்டார்கள். 1923 நவம்பரில் வந்த புதிய பணமான ரென்டன்மார்க் ஒன்று, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்குச் சமமாக வைக்கப்பட்டது.

வாங்கும்போது, 'அரிய நாணயம்' என்ற பேச்சை நம்பி அதிக விலை கொடுத்துவிடாதீர்கள். இவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. சில மாதங்களில் செல்லாக்காசானதால் தேயாமல் மிஞ்சியவையும் ஏராளம். பளபளப்புக்காகத் தேய்க்கவே கூடாது. அலுமினியம் மிருதுவானது, விழுந்த கீறல் போகாது. ஈரம் படாத உறையில் வையுங்கள். மேலச்சிட்ட அந்த நோட்டும் அகப்பட்டால் ஆல்பத்தில் அதே பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.