மழையில் நனைந்த துப்பாக்கியா? உறைக்குள் போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊரில், செம்பனையைத் தோண்டும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பன்றியைவிடப் பெரிய தொல்லை துருதான். மழையில் நனைந்து வந்தால் அப்படியே உறைக்குள் போடாதீர்கள். பஞ்சு உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் துண்டு) கழற்றி, குழலின் உள்ளும் புறமும் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். பூட்டும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்று கிடக்கட்டும்.

அப்புறம், குட்டைத் துப்பாக்கி எடை குறைவு. தோளில் உதை பலமாக விழும். தொலைநோக்கிக்குக் காசு போடுமுன் தோளில் படும் கட்டையின் பின்னால் ரப்பர் பட்டை மாட்டுங்கள். என் தோள் சொல்கிறது! குழலை வெட்டுவது, மாற்றுவது என்றால் மட்டும் முதலில் போலீசில் கேளுங்கள். 1960 ஆயுதச் சட்டத்தோடு விளையாட முடியாது.