தீர்த்தமலையில் சுனை நீர் எடுக்கப் போகிறவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து வடகிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீர்த்தமலைக்குப் போய், பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் நனைந்துவிட்டு, ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்குவது எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் வழக்கம். அந்த நீரைத் தீர்த்தமாக ஒரு மடக்கு குடிப்பது வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு நான்கைந்து நாள் குடிக்கக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும்.

முதலில் பாத்திரம். நான் முதன்முறை போனபோது, காலியான கடலை எண்ணெய்க் கேன் ஒன்றைச் சீயக்காய் போட்டு மூன்று முறை கழுவி எடுத்துப் போனேன். மலையில் மணக்காத கேன், மாலையில் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் செக்கு மணம் மணக்க, பத்து லிட்டர் நீரும் முருங்கை மரத்துக்குப் போயிற்று. குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்திய, மூடி இறுக்கமான ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு போதும். கைக்கு ஐந்து கிலோ என்று பிரித்துக்கொண்டால் படி இறங்கும்போது முழங்கால் பிழைக்கும். குரங்குகளுக்கு அஞ்சித் தின்பண்டத்தைக் கீழேயே விட்டுச் செல்வது நல்லது. வெயில் ஏறினால் படியும் பாறையும் காலைச் சுடும் என்பதால் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும்.

நீர் எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். தேங்கிய குழியிலோ, பலர் குளித்த நீர் ஓடிவரும் இடத்திலோ மொண்டு எடுக்கக் கூடாது. நீர் பாறையை விட்டு வெளியே வரும் வாய்க்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி, கேனின் வாயைக் கையால் தொடாமல், விழும் நீரில் நேராகப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு முறை பிடித்ததைக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். அதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள்: ஊற்றுக்கு மேல் சரிவில் ஆடு மேய்கிறதா, குரங்குகள் அடைகின்றனவா என்பது நீரின் தெளிவைவிட முக்கியம். கனமழை பெய்த மறுநாள் நீர் கலங்கலாக வந்தால், பாறை இடுக்குகளின் வழியே மேல்மண் கழுவப்பட்டு வருகிறது என்று பொருள். அன்று குடிப்பதற்கென்று பிடிக்க வேண்டாம்.

கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் மலக்கிருமிகள் இருக்கக்கூடும். ஊராட்சிகளில் நீர்ப் பரிசோதனைக்குத் தரப்படும் சிறு குப்பியில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது கறுத்துப் போவது கிருமி இருப்பதற்கான அறிகுறி. குப்பி எதுவும் கைவசம் இல்லாவிட்டாலும், நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு இறக்கினால் கிருமிகளின் கதை முடிந்துவிடும்.

ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கொதிக்க வைப்பதோடு வேலை முடிவதில்லை. எங்கள் ஆயாவின் முன்பற்களில் குறுக்கே ஓடிய பழுப்புக் கோடுகளை வெற்றிலைக் கறை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். அவை ஊர்க் கிணற்று நீரில் இருந்த ஃப்ளோரைடின் வேலை. இம்மாவட்டங்களின் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. பாறையோடு நீர் எவ்வளவு காலம் உறவாடுகிறதோ அவ்வளவு கூடும் என்பதால் ஆழமான போர்வெல்லில் மிகுதியாகவும், மழை நீர் விரைந்து வெளிவரும் மலைச் சுனையில் குறைவாகவும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வாய்ப்புதானே தவிர, உறுதி அல்ல. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஜப்பான் கடனுதவியுடன் கட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்தச் சிக்கலுக்காகவே வந்தது.

ஆகவே அடிக்கடி எடுக்கப் போகிறவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. ஃப்ளோரைடு சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது. கிருமிச் சோதனைக்குக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்கி, நீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். இராமர் தீர்த்தத்துக்கு வந்த முடிவு அதே மலையில் உள்ள அகத்தியர் தீர்த்தத்துக்கோ கௌரி தீர்த்தத்துக்கோ பொருந்தாது. கோடையில் வந்தது ஐப்பசி மழைக்குப் பின் மாறவும் கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருந்தால், கொதிக்க வைத்துத் தயங்காமல் குடிக்கலாம். வேறு நீரே இல்லாத ஊருக்கு மட்டும் 1.5 வரை விலக்கு உண்டு. அதையும் தாண்டினால் அந்தக் கேனைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையே குடியுங்கள்.