கிரீட்டிலிருந்து ஜனவரியில் லண்டன் திரும்பும்போது நடக்கும் தவறுகள்

இரவு பதினொன்றரை. லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வெளியே மைனஸ் இரண்டு டிகிரி. என் கனத்த கோட் சூட்கேஸின் அடியில், ஆலிவ் எண்ணெய் டின்னுக்குக் கீழே கிடக்கிறது. முந்தின நாள் கிரேக்கத் தீவான கிரீட்டில், ஹனியா நகரத் துறைமுகத்தில் வெறும் சட்டையோடு உட்கார்ந்து காப்பி குடித்தவனுக்கு, பெட்டி கட்டும்போது கோட் ஒரு சுமையாகத்தான் தெரிந்தது. நடைபாதையிலேயே பெட்டியை விரித்து, பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கத் துணிகளைக் கிளறினேன். கோட் கிடைத்தது. ஈரமாக இருந்தது.

ஈரத்துக்குக் காரணமும் நான்தான். கிரீட்டின் பழைய கல்வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. ஜனவரியில் உள்ளே துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. கடைசி நாளில் துவைத்ததை அப்படியே மடித்து வைத்தேன். இப்போதெல்லாம் கடைசி மூன்று நாள் துவைப்பதே இல்லை. அழுக்குத் துணியோடு வீடு வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கோட், கையுறை, குல்லாய் மூன்றும் கையோடு வர வேண்டும்.

சீசன் இல்லாத நேரத்தில் போவதில் எனக்குக் குறையே கிடையாது. கூட்டம் இல்லை, வாடகை குறைவு, தெருவோர மரங்களில் ஆரஞ்சு தொங்கும், பின்னால் வெள்ளை மலைகளில் பனி. சிக்கல் எல்லாம் திரும்புவதில்தான். அதிலும் பெரும்பாலான தவறுகள் புறப்படுவதற்கு முன்பே செய்து முடித்துவிட்டவையாக இருக்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் கிரேக்கத்தில் சில நாட்கள் காற்றே இல்லாமல் வெயில் அடிக்கும். அல்கியோன் நாட்கள் என்பார்கள். மீன்கொத்தியாக மாறிய அல்கியோன் என்ற பெண் முட்டையிட்டு அடைகாக்கும்போது காற்று அடங்கிக் கிடக்கும் என்பது பழைய கதை. அந்த வெயிலை நம்பி, ராத்திரி கப்பலில் ஹனியாவுக்குப் பக்கத்துச் சூதா துறைமுகத்திலிருந்து கிளம்பி, காலையில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கி, அன்று மதியமே ஏதென்ஸில் விமானம் என்று திட்டம் போடுவார்கள். காற்று, அதன் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் எட்டு, ஒன்பதைத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ‘அபகொரெஃப்திகோ’, அதாவது கப்பல் கிளம்பத் தடை, என்ற சொல் உள்ளூர்க்காரர்கள் வாயில் குளிர்காலம் முழுக்க இருக்கும். குளிர்காலத்தில் லண்டனுக்கு நேரடி விமானங்கள் பெரும்பாலும் கிடையாது என்பதால் ஏதென்ஸ் வழியாகத்தான் வர வேண்டியிருக்கும். ஆகவே ஏதென்ஸில் ஒரு ராத்திரி தங்குங்கள். 2022லிருந்து பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கே மெட்ரோ போகிறது.

நீண்ட நாள் தங்குபவர்கள் மூன்று மாதத்தைத் தொண்ணூறு நாள் என்று எண்ணிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் 180 நாளுக்குள் 90 நாள்தான். வந்த நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. நவம்பர் 20 இறங்கி பிப்ரவரி 19 கிளம்பினால் 92 ஆகிவிடும். 2025 அக்டோபர் 12லிருந்து முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முத்திரை மங்கலாக விழுந்ததால் தப்பித்த காலம் போய்விட்டது.

ஹனியா சந்தையில் கிராவியேரா பாலாடைக்கட்டி வாங்கிப் பெட்டியில் வைப்பது இன்னொரு தவறு. கோமாரி நோய்க்குப் பயந்து 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பால் பொருட்களையும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுவர பிரிட்டன் தடை போட்டது. அங்கேயே தின்று தீருங்கள். எண்ணெய்க்குத் தடையில்லை, ஆனால் கைப்பையில் வைக்காதீர்கள்.

இனி வீடு. காசு மிச்சம் என்று ஹீட்டிங்கை அடியோடு அணைத்துவிட்டுப் போவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். பரணில் ஓடும் குழாய் அதைத் தாங்காது. வெடித்தது அப்போதைக்குத் தெரியாது, பனிக்கட்டி உருகும்போதுதான் கூரையிலிருந்து கொட்டும். பன்னிரண்டு, பதினைந்து டிகிரியில் ஓடவிட்டுப் போங்கள். நீண்ட நாள் என்றால் தண்ணீரை மெயின் வால்வில் அடைத்துவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டிலும், எத்தனை நாள் வரை வீடு காலியாக இருக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், படித்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் அந்த வால்வை மூடுங்கள். பிறகு குழாயின் வாய்ப்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே உள்ளே போகலாம். பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். வெளிச்சுவரில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்று கழிவுநீரை வெளியேற்றும். உறைந்திருப்பது அநேகமாக அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள். கொதிநீர் கூடாது. கார் கண்ணாடிக்கும் அதே விதி, கொதிநீர் பட்டால் விரிசல் விடும்.

வந்த மறுநாளே வேலைக்குப் போகாதீர்கள். நேர வித்தியாசம் இரண்டு மணிதானே என்று நினைப்போம். உடம்பு ஐந்து மணிக்கே எழுப்பிவிடும், ஜனவரி லண்டனிலோ எட்டு மணி வரை இருட்டு. நான்கு மணி சுமாருக்கு மறுபடி இருட்டு. மதியம் அரை மணி நேரமாவது வெளியே நடந்தால்தான் ஆளாக இருக்க முடிகிறது. பத்து நாள் வெயில் பட்டாயிற்று என்று வைட்டமின் டி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மில் நிறைய. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருக்கும் தினம் 10 மைக்ரோகிராம், நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்கள் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வது நல்லது என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் அறிவுரை.

போகும் முன் ஃப்ரீசரில் ஒரு டப்பா சாம்பார் வைத்துவிட்டுப் போங்கள். முதல் வருஷம் எங்களுக்கு அந்தப் புத்தி இல்லை. நடுராத்திரி ஒரு மணிக்கு, ஈரக் கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, பெட்டியில் நசுங்கிக் கிடந்த மூன்று ஆரஞ்சை ஆளுக்கு ஒன்றரை என்று தின்றுவிட்டுப் படுத்தோம்.